நெல்வயல் மண்ணில் வேர்ப்பூஞ்சைகளின் பரவல்

வேர்ப்பூஞ்சை என்பது தாவரத்தின் வேரும் மண்ணில் வாழும் பூஞ்சையும் ஒன்றுக்கொன்று உதவி சேர்ந்து வாழும் கூட்டுயிர் வாழ்வைக் குறிக்கும். கிரேக்க மொழியில் பூஞ்சை, வேர் என்னும் இரு சொற்களைச் சேர்த்து ‘மைக்கோரைசா’ என்னும் பெயரை 1885-ல் உருவாக்கியவர் செருமானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். தமிழ்நாட்டு உழவர்களிடையே இதன் ஒரு வகை ‘வேர் உட்பூசணம்’ அல்லது ‘வாம்’ என்ற பெயரில் உயிர் உரமாக அறிமுகமாகியுள்ளது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் நெற்பயிர் பல மாதங்கள் தேங்கிய நீரில் நிற்கிறது. இந்தப் பூஞ்சைகளோ காற்றை நாடுபவை. ஆகவே படுகையின் மண்ணில் எந்த வேர்ப்பூஞ்சை, எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் உயிருடன் இருக்கிறது என்பது வேளாண்மைக்கு முக்கியமான கேள்வியாகிறது. மண்ணுக்குள் இழையாகப் படர்ந்திருக்கும் உயிரியைப் பார்த்து அடையாளம் காண்பது கடினம் என்பதால், இக்கேள்விக்கு விடை தேட மரபுக்குறிப்பான்கள் பயன்படுகின்றன.

வேர்ப்பூஞ்சையின் இயல்பு

நிலத்தாவர இனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ‘ஆர்பஸ்குலர்’ வகை வேர்ப்பூஞ்சையோடு வாழ்கின்றன. நெல், உளுந்து, பச்சைப்பயறு, கரும்பு, வாழை, தென்னை ஆகிய படுகைப் பயிர்கள் அனைத்தும் இதில் அடங்கும். இப்பூஞ்சை வேரின் புறணிச் செல்களுக்குள் சிறு புதர் போலக் கிளைத்து வளர்கிறது. இக்கிளைப்புக்கு ‘ஆர்பஸ்கூல்’ என்று பெயர். பூஞ்சைக்கும் தாவரத்துக்கும் இடையிலான பரிமாற்றம் நடப்பது இங்கேதான். ஸ்காட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையான புதைபடிவத் தாவரங்களிலும் இத்தகைய அமைப்புகள் காணப்பட்டுள்ளன.

தாவரத்துக்கு இதனால் கிடைக்கும் முதன்மையான பயன் பாசுவரம். மண்ணில் பாசுவரம் மிக மெதுவாகவே நகர்கிறது. வேர் தன்னைச் சுற்றியுள்ள ஓரிரு மில்லிமீட்டர் மண்ணில் இருப்பதை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். வேரைவிடப் பன்மடங்கு மெல்லிய பூஞ்சையிழைகள் அந்த எல்லையைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தொலைவு சென்று பாசுவரத்தைக் கொண்டுவருகின்றன. நெற்பயிர் இதைப் பெற்றுக்கொள்வதற்கென்றே தனி மரபணு வைத்திருக்கிறது. ‘பி.டி.11’ எனப்படும் அந்தப் பாசுவரக் கடத்தியின் மரபணு, பூஞ்சை வேருக்குள் நுழைந்த பிறகே செயல்படத் தொடங்குகிறது என்பது 2002-ல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது.

பதிலுக்குத் தாவரம் தான் உருவாக்கிய சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைத் தருகிறது. இவ்வகைப் பூஞ்சையால் தனித்து வாழ இயலாது. ஆய்வில் மிகுதியாகப் பயன்படும் ‘ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸ்’ என்னும் இனத்தின் மரபணுத்தொகுதி 2013-ல் வெளியிடப்பட்ட பிறகு, கொழுப்பு அமிலங்களை உருவாக்கத் தேவையான முக்கிய நொதிக்குரிய மரபணு அதில் இல்லை என்பது தெரியவந்தது. உயிருள்ள வேர் இல்லாத வயலில் இப்பூஞ்சை பெருக முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படுகையின் வயல்களும் பருவங்களும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் பாசனத்துக்குத் திறக்கப்படுகிறது. நீர் குறைந்த ஆண்டுகளில் இந்நாள் தள்ளிப்போவதுண்டு. ஜூனில் தொடங்கும் குறுவை, ஆகஸ்டை ஒட்டித் தொடங்கும் சம்பா, குறுவைக்குப் பின் நடப்படும் தாளடி ஆகியவை இங்குள்ள நெற்பருவங்கள். நடவுக்கு முன் வயலில் நீர் தேக்கிச் சேற்றுழவு செய்யப்படுகிறது. சம்பா, தாளடி அறுவடை நெருங்கும் வேளையில், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கப்படுகின்றன. இதற்கு நெல் தரிசுப் பயறு என்று பெயர். 1922-ல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ‘ஆடுதுறை 3’ உளுந்து இம்முறைக்கேற்ற இரகமாகும்.

ஒரே படுகைக்குள் நிலமும் மாறுபடுகிறது. பழைய ஆயக்கட்டில் வண்டலும் களியும் மிகுதி. கல்லணைக் கால்வாய்ப் பாசனம் பெறும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் மணற்பாங்கான மண்ணும் தென்னந்தோப்புகளும் உண்டு. கடற்கரையை ஒட்டி உவர்நிலமும் சவுக்குத் தோப்புகளும் உள்ளன. சேறாக்கப்பட்ட வயல், அதன் ஓரத்தில் நனையாமல் நிற்கும் வரப்பு, அடுத்துள்ள தென்னந்தோப்பு ஆகிய மூன்றும் சில மீட்டர் இடைவெளியில் இருந்தாலும் பூஞ்சைக்கு அவை வெவ்வேறு வாழிடங்கள்.

நீர் நிற்கும் மண்ணில் நிகழ்வன

வயலில் நீர் தேங்கியதும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் எஞ்சிய ஆக்சிசனை விரைவில் செலவழித்துவிடுகின்றன. நெல் தன் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே ஆக்சிசனைக் கீழே அனுப்பிப் பிழைக்கிறது. வேரை விட்டு வெளியே படர வேண்டிய பூஞ்சையிழைக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது காரணம் பாசுவரம் தொடர்பானது. ஆக்சிசன் அற்ற மண்ணில் இரும்புச் சேர்மங்கள் ஒடுக்கமடைந்து, அவற்றோடு பிணைந்திருந்த பாசுவரம் விடுபடுகிறது. பயிருக்குப் பாசுவரம் எளிதில் கிடைக்கும்போது பூஞ்சையை ஏற்கும் தேவை குறைகிறது. பாசுவரப் பற்றாக்குறையை உணரும் நெல்லின் கட்டுப்பாட்டு அமைப்பே வேர்ப்பூஞ்சைக் கூட்டுறவையும் கட்டுப்படுத்துகிறது என்பதை 2021-ல் சீன ஆய்வாளர்கள் விளக்கினர். பாசுவர உரம் மிகுதியாக இட்ட வயலிலும் இதே விளைவு ஏற்படுகிறது.

நீர் வடிந்து மண் காயும்போது நிலைமை தலைகீழாகிறது. இரும்பு மீண்டும் ஆக்சிசனேற்றம் அடைந்து பாசுவரத்தைப் பிடித்துக்கொள்கிறது. தரிசில் முளைக்கும் உளுந்துக்குப் பூஞ்சையின் உதவி தேவைப்படும் நேரம் அதுவே. முந்தைய மாதங்களில் மண்ணில் பூஞ்சை எவ்வளவு எஞ்சியது என்பதைப் பொறுத்தே அந்த உதவி கிடைக்கும். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் 1993-ல் பெருவெள்ளத்தால் பயிரின்றிக் கிடந்த நிலங்களில் மறுஆண்டு விதைத்த மக்காச்சோளம் பாசுவரக் குறைபாட்டால் வாடியது. அதன் வேர்களில் வேர்ப்பூஞ்சை குறைந்திருந்தது கண்டறியப்பட்டது.

கண்ணால் எண்ணும் முறையும் அதன் எல்லையும்

மரபணு முறைகள் வருவதற்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, மண்ணை நீரில் கரைத்து நுண்சல்லடைகளில் வடித்துப் பூஞ்சையின் வித்துகளைப் பிரித்தெடுத்து எண்ணுதல். கெர்டெமன், நிக்கல்சன் ஆகியோர் 1963-ல் விவரித்த இம்முறை இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் கையாளப்படுகிறது. இரண்டாவது, வேரைக் காரக் கரைசலில் வெளுக்கச் செய்து, டிரைபான் நீலச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தல். பிலிப்ஸ், ஹேமன் ஆகியோர் இதை 1970-ல் வெளியிட்டனர்.

இவ்விரண்டும் பயனுள்ளவை. ஆனால் வித்து உருவாவது பூஞ்சையின் வாழ்வில் ஒரு கட்டம் மட்டுமே. நன்கு படர்ந்து வேலை செய்யும் பூஞ்சை அந்தப் பருவத்தில் வித்து எதையும் உருவாக்காதிருக்கலாம். செயலற்றுக் கிடக்கும் பூஞ்சையின் பழைய வித்துகள் ஏராளமாக இருக்கலாம். சாயமேற்றிய வேரில் பூஞ்சை இருப்பது தெரியும். அது எந்த இனம் என்பது பெரும்பாலும் தெரியாது.

வித்தின் வடிவத்தை மட்டும் நம்புவது வல்லுநர்களையும் தவறச் செய்ததுண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரித்தெடுக்கப்பட்ட ‘டி.ஏ.ஓ.எம். 197198’ என்னும் பூஞ்சை பல ஆண்டுகள் ‘குளோமஸ் இன்ட்ராராடிசஸ்’ என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வுக்குப் பயன்பட்டது. அது அந்த இனமே அல்ல என்பதை 2009-ல் டி.என்.ஏ. ஒப்பீடு காட்டியது. மேலே குறிப்பிட்ட ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸ் என்பது இதற்கு இப்போது வழங்கும் பெயர்.

மரபுக்குறிப்பான்கள் செயல்படும் விதம்

மரபுக்குறிப்பான் என்பது ஓர் உயிரியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் டி.என்.ஏ. பகுதியாகும். வேர்ப்பூஞ்சை ஆய்வில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.-வுக்குரிய மரபணுக்கள் மிகுதியாகப் பயன்படுகின்றன. இவை எல்லா உயிரிகளிலும் இருப்பவை. சில பகுதிகள் மாறாமலும் சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறியும் அமைந்தவை. மாறாத பகுதியைப் பற்றிக்கொண்டு மாறும் பகுதியைப் படிப்பதே உத்தி.

ஒரு நெல்வயலில் ஆய்வு பின்வரும் படிகளில் நடக்கும். வயலின் நடு, வரப்போரம், வரப்பு என ஒரே கோட்டில் பல இடங்களில் குழாயைச் செலுத்தி மண்ணும் வேரும் எடுக்கப்படும். உழுமண்ணும் அதன் கீழுள்ள இறுகிய அடுக்கும் தனித்தனியே சேகரிக்கப்படும். வேரைக் கழுவி அதிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கப்படும். பி.சி.ஆர். என்னும் பாலிமரேஸ் சங்கிலி வினையின் மூலம் தேவையான பகுதி மட்டும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கப்படும். வேரில் பெரும்பகுதி நெல்லின் டி.என்.ஏ. என்பதால், பூஞ்சைக்கு மட்டும் பொருந்தும் தொடக்கித் துண்டுகளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். மண்ணில் உள்ள மட்கு அமிலங்கள் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் என்பதால் அவற்றையும் நீக்க வேண்டும்.

பெருக்கிய துண்டுகளின் கார வரிசைகள் படிக்கப்பட்டுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடப்படும். எசுத்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் அறிமுகப்படுத்திய ‘மார்யாம்’ தரவுத்தளம் இவ்வகைப் பூஞ்சைகளுக்கென்றே அமைந்தது. வித்தின் வடிவத்தைக் கொண்டு பெயரிடப்பட்ட இனங்கள் முந்நூற்றுக்குச் சற்று மேல். டி.என்.ஏ. வரிசையாக மட்டுமே அறியப்பட்டு, இன்னும் பெயர் பெறாத வகைகளும் பல உள்ளன. அவற்றைக் குறிக்க இத்தரவுத்தளம் எண்ணிட்ட வகைகளைப் பயன்படுத்துகிறது.

இனமும் தனியுயிரும்

‘இந்த இனம் இங்கே இருக்கிறது’ என்பதும் ‘ஒரே பூஞ்சை இங்கிருந்து அங்குவரை படர்ந்திருக்கிறது’ என்பதும் இரு வேறு செய்திகள். இரண்டாவதை அறிய, ஒரே இனத்துக்குள் ஒவ்வொரு தனியுயிரையும் பிரித்துக் காட்டும் நுண்ணிய குறிப்பான்கள் வேண்டும். சிறு துண்டுகள் திரும்பத் திரும்ப வரும் ‘மைக்ரோசாட்டிலைட்’ பகுதிகள் இதற்கு உதவுகின்றன.

வேரின் மேலே உறை போலப் படியும் புறவேர்ப்பூஞ்சைகளில் இது சிறப்பாகச் செய்யப்பட்டுள்ளது. கனடாவின் பிரிட்டிசு கொலம்பியாக் காட்டில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் பரப்பில் ‘ரைசோபோகன்’ பூஞ்சையின் தனியுயிர்களை மைக்ரோசாட்டிலைட் கொண்டு வரைபடமாக்கிய ஆய்வு 2010-ல் வெளியானது. அங்கே ஒரு டக்ளஸ் ஃபிர் மரம், பூஞ்சைகள் வழியே வேறு 47 மரங்களோடு தொடர்பு கொண்டிருந்தது. இத்தகைய வலையின் வழியே மரங்கள் ஒன்றுக்கொன்று உணவு அனுப்புகின்றன என்ற பரவலான கருத்துக்குக் களச்சான்று போதாது என்று 2023-ல் வெளியான திறனாய்வு ஒன்று எச்சரித்துள்ளது. குறிப்பான்கள் காட்டுவது தொடர்பு இருப்பதை மட்டுமே.

நெல்வயலின் ஆர்பஸ்குலர் பூஞ்சைகளில் தனியுயிரை வரையறுப்பது கடினம். ஒரு வித்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். ரைபோசோம் மரபணுவின் வேறுபட்ட படிகள் ஒரே வித்தில் காணப்படுவதும் உண்டு. பூஞ்சைகளுக்கான பொதுக் குறிப்பானாக 2012-ல் முன்மொழியப்பட்ட ‘ஐ.டி.எஸ்.’ பகுதி இவ்வகையில் நெருங்கிய இனங்களைத் தெளிவாகப் பிரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது மரபணுத்தொகுதி முழுவதிலும் பரவியுள்ள ஒற்றைக் கார மாற்றங்கள் ஒப்பிடப்படுகின்றன. 2018-ல் வெளியான இத்தகைய ஆய்வு, ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸின் மிக நெருங்கிய மரபு வடிவங்கள் வெகு தொலைவிலுள்ள இடங்களிலும் காணப்படுவதைக் காட்டியது.

இது 2015-ல் வெளியான உலகளாவிய ஆய்வோடு ஒத்துப்போகிறது. அதில் கண்டறியப்பட்ட ஆர்பஸ்குலர் பூஞ்சை வகைகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றுக்கு மேற்பட்ட கண்டங்களில் இருந்தன. எனவே ஒரு வயலில் எந்த வகை நிலைத்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அங்குள்ள நீர், உழவு, உரம், பயிர் ஆகியவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

வயல்களில் கிடைத்த முடிவுகள்

உழுநிலத்தில் மரபுக்குறிப்பான்களைப் பயன்படுத்திய தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோருன் ஹெல்கசன் குழுவினர் 1998-ல் வெளியிட்டது. காட்டுத் தாவரங்களின் வேர்களில் பலவகைப் பூஞ்சைகள் இருந்தன. உழுத வயல்களில் வகைகள் குறைந்து, ‘குளோமஸ் மோசே’யை ஒத்த ஒரே வகை மேலோங்கியிருந்தது. அடிக்கடி இழை அறுபடும் சூழலைத் தாங்கும் வகையே வயலில் எஞ்சுகிறது என்பது இதன் பொருள்.

காவிரிப் படுகையின் கேள்விக்கு மிக நெருங்கிய ஆய்வு, எரிக்கா லுமினியும் குழுவினரும் இத்தாலிய நெல்வயல்களில் நடத்தி 2011-ல் வெளியிட்டது. தொடர்ந்து நெல் மட்டும் பயிரிட்டு உரம் மிகுதியாக இடும் நிலமும், ஐந்தாண்டுப் பயிர்ச்சுழற்சி கொண்ட இயற்கை வேளாண் நிலமும் அதில் ஒப்பிடப்பட்டன. வழக்கமான முறை நிலத்திலும், எப்போதும் நீர் நின்ற வயலிலும் நெல்வேரில் பூஞ்சை காணப்படவில்லை. ஆனால் அம்மண்ணை எடுத்து அதில் குளோவர் என்னும் தீவனப் பயறுச் செடியை வளர்த்தபோது, அதன் வேரில் பூஞ்சை தாராளமாக ஏறியது. இரு நிலத்து மண்ணுக்கும் பூஞ்சை ஏற்றும் திறன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அந்த வேர்களின் டி.என்.ஏ.-வைப் படித்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. இயற்கை வேளாண் நிலத்தில் பூஞ்சை வகைகள் அதிகம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. நெல்வேரில் பூஞ்சை இல்லாததைக் கொண்டு வயலில் பூஞ்சையே இல்லை என்று முடிவு கட்ட இயலாது. அது வித்தாகவோ இழைத்துண்டாகவோ காத்திருக்கலாம். அளவு ஒன்றாக இருப்பதைக் கொண்டு வகைகளும் ஒன்று என்று கொள்ளவும் இயலாது. 2014-ல் மார்த்தா வல்லினோ குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நீர் தேங்குவது நெல்வேரின் கிளைப்பையும் பூஞ்சையேற்றத்தையும் குறைத்தபோதும், வேருக்குள் எஞ்சிய பூஞ்சை தன் வேலையைத் தொடர்ந்தது காணப்பட்டது.

தமிழ்நாட்டு ஆய்வுகளும் இத்துறைக்குப் பங்களித்துள்ளன. வயல்களில் களையாகவும் ஆற்றங்கரைகளில் பாய் முடையவும் பயன்படும் கோரைக் குடும்பம் வேர்ப்பூஞ்சை ஏற்காதது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் முத்துக்குமாரும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பல கோரை இனங்களில் வேர்ப்பூஞ்சை இருப்பதை எடுத்துக்காட்டியது. அத்தகைய கோரை வரப்பில் நின்றால், நெல் இல்லாத மாதங்களில் பூஞ்சைக்கு அது புகலிடம் ஆகலாம்.

முடிவுகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

இறந்த பூஞ்சையின் டி.என்.ஏ. மண்ணில் சில காலம் சிதையாமல் இருக்கும். ஆகவே மண்ணில் ஒரு வரிசை கிடைத்தது என்பதால் அந்தப் பூஞ்சை அப்போது உயிருடன் இருந்தது என்று உறுதியாகக் கூற முடியாது. வேரிலிருந்து எடுத்த டி.என்.ஏ., சாயமேற்றிய வேர், பொறிச்செடி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது இக்குறையைப் போக்கும். ஒரு வரிசை எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதும் அப்பூஞ்சையின் அளவை நேராகக் காட்டாது. தொடக்கித் துண்டுகள் சில வகைகளை மற்றவற்றைவிட எளிதாகப் பெருக்குகின்றன. சம்பா நெல் நிற்கும்போது ஒரு முறை மட்டும் மாதிரி எடுத்தால் உளுந்துப் பருவத்தின் நிலை தெரியாது. குறுவை நடவுக்கு முன், நீர் நிற்கும்போது, அறுவடையின்போது, பயறு பூக்கும்போது என ஓராண்டுச் சுழற்சி முழுவதும் மாதிரி எடுத்தால்தான் பரவலின் வரைபடம் முழுமை பெறும்.

வேளாண்மையில் பயன்

பாசுவர உரத்துக்குத் தேவையான மூலப்பொருள்களில் பெரும்பகுதியை இந்தியா இறக்குமதி செய்கிறது. டி.ஏ.பி. விலை உயரும்போதும், மேட்டூர் நீர் தாமதமாகும்போதும் அதன் சுமை படுகை உழவர் மீது விழுகிறது. மண்ணில் ஏற்கெனவே உள்ள பூஞ்சையைக் காப்பது இச்சுமையை ஓரளவு குறைக்கக்கூடிய வழி.

நீரைத் தொடர்ந்து தேக்காமல் ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ விடுவது, திருந்திய நெல் சாகுபடி, நேரடி விதைப்பு ஆகியவை நீர்ச் சிக்கனத்துக்காகப் பரிந்துரைக்கப்படுபவை. மண்ணுக்குக் காற்று கிடைப்பதால் இவை வேர்ப்பூஞ்சைக்கும் ஏற்ற சூழலை உருவாக்குகின்றன. உழாமல் விதைக்கும் நெல் தரிசுப் பயறு இழைகளை அறுக்காமல் பூஞ்சைக்கு உயிருள்ள வேரைத் தருகிறது. கோடையில் நிலத்தை வெறுமையாக விடும் காலம் நீளும்போது பூஞ்சை குன்றுகிறது.

வேர் உட்பூசண உரம் இடுவோர் அதை நீர் தேங்கும் முன்பே, நாற்றங்காலில் இடுவது பொருத்தம். நாற்றங்காலில் பூஞ்சை ஏறிய நாற்றை நீர் நிற்கும் வயலில் நடும் முறையை சோலைமான், ஹிராதா ஆகியோர் ஜப்பானில் 1990-களில் ஆராய்ந்து, பயிர் வளர்ச்சிக்கு அது உதவுவதைக் கண்டனர்.

வாங்கும் உரத்தின் தரத்தை அறியவும் மரபுக்குறிப்பான்கள் உதவும். இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, வேர்ப்பூஞ்சை உரத்தின் ஒரு கிராமில் குறைந்தது 100 உயிருள்ள பெருக்கக் கூறுகள் இருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்ணிக்கை மட்டும் உரத்தில் உள்ள இனத்தை உறுதி செய்யாது. உறையில் எழுதிய இனமே உள்ளே இருக்கிறதா, வயலில் இட்ட பிறகு அது நிலைத்ததா, மண்ணில் இயல்பாக இருந்த வகைகளை அது ஒடுக்கியதா என்னும் கேள்விகளுக்கு டி.என்.ஏ. ஒப்பீடே விடை தரும். மண்ணில் ஏற்கெனவே போதிய பூஞ்சை இருக்கும் வயலுக்கு உரப்பை தேவைப்படாமலும் போகலாம். அங்கே நீரையும் பயிர்ச்சுழற்சியையும் சீராக்கினாலே போதும்.